எல்லாரும் குதிரையில் போகிறார்கள், நான் ஷேர் ஆட்டோவில்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் தொடங்கி 2024 ஜூன் வரைக்கும் டாரட் என்கிற படம் போட்ட ஜோசியச் சீட்டுக்கட்டு தேடியதில் எனக்குப் போன பணம் 15,742 ரூபாய். இதில் ஒரு கட்டு போலி, ஒரு கட்டு எனக்குப் பிடிக்காமல் போனது, ஒரு கட்டு இன்றுவரை வரவே இல்லை. வீட்டில் யாருக்கும் இந்தத் தொகை தெரியாது. தங்கச் சீட்டுக்கு இரண்டு மாதம் கட்டவில்லை என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும், காரணம் தெரியாது. யாரிடமாவது கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் இதில் பாதிக்குமேல் மிச்சமாகியிருக்கும். கேட்க ஆளில்லை என்பதைவிட, கேட்க வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. படித்த பெண், இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் பத்து வருட வேலை, போயும் போயும் ஜோசியச் சீட்டா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

2021 மே மாதம் அப்பா போனார். பதினோரு நாள் ஐசியு. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தாலும் விடியும்வரை கண் திறந்தே கிடப்பேன். பெங்களூரில் இருக்கும் தோழி ஒருத்தி அடுத்த வருடம் வந்தபோது தன்னிடம் கூடுதலாக இருந்த ஒரு டாரட் கட்டைக் கையில் கொடுத்து, "எதிர்காலமெல்லாம் பார்க்க வேண்டாம், தினமும் ஒரு சீட்டு எடு, அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன தோன்றுகிறதோ அதை நோட்டில் நாலு வரி எழுது" என்றாள். அவ்வளவுதான். சீட்டு வருங்காலத்தைச் சொல்லும் என்று அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வெறும் நோட்டைத் திறந்து வைத்தால் ஒன்றும் வராது, ஒரு படம் எதிரே இருந்தால் ஏதோ வருகிறது.

அவள் கொடுத்தது ரைடர் வெய்ட் ஸ்மித் கட்டு. உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் டாரட் கட்டுகளில் ஒன்று. 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டம் போட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள்: முட்டாள், தேர், மரணம், கோபுரம், சூரியன் என்று போகும். மீதி 56 சின்னச் சீட்டுகள், நாலு வகை, வகைக்கு ஒன்று முதல் பத்துவரை எண் சீட்டும் ராஜா, ராணி மாதிரி நாலு ஆள் சீட்டும். வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வோர்ட்ஸ், பென்டக்கிள்ஸ் என்று ஆங்கிலப் பெயர். நான் என் நோட்டில் கோல், கோப்பை, வாள், காசு என்றுதான் எழுதுகிறேன், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் எரிச்சல் வர ஆரம்பித்தது. எந்தச் சீட்டை எடுத்தாலும் கிரீடம், கவசம், குதிரை, அங்கி. காசு ராணி பூத்துக் குலுங்கும் தோட்டத்தில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் முயல் ஓடுகிறது. ஐந்து காசில் இரண்டு பேர் பனியில் நடுங்கிக்கொண்டு போகிறார்கள். நான் பனியை நேரில் பார்த்ததே கிடையாது. குரோம்பேட்டையில் மே மாதம், கரண்ட் போய்விட்டது, கையில் பனிப்படம். சிரிப்புதான் வந்தது. இரண்டு மடிக்கணினியும் ஒரு ஹெட்செட்டும் கட்டிக்கொண்டு அழுகிற என்னைப் போல ஒருத்தி இந்த 78-இல் எங்கேயும் இல்லையே என்று தோன்றியது. இந்தக் காலத்து மனிதர்கள் இருக்கிற கட்டு ஏதாவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். அங்கேதான் பணம் கரையத் தொடங்கியது.

உண்டு, நிறையவே உண்டு. லிசா ஸ்டெர்ல் வரைந்த மாடர்ன் விட்ச் கட்டில் பழைய படங்களின் அதே அமைப்பில் இந்தக் காலத்து உடுப்பில் பெண்கள் இருப்பார்கள், குதிரைக்குப் பதில் மோட்டார் பைக். இசபெல்லா ராட்மன் வரைந்த திஸ் மைட் ஹர்ட் கட்டும் பழைய அமைப்பை விடாமல் நம் காலத்து ஆட்களை விதவிதமான நிறத்திலும் உடல்வாகிலும் காட்டும். ராபின் ஸ்காட்டின் அர்பன் டாரட் முழுக்க நியூயார்க் நகரத் தெருக்கள். 2004-இல் வந்த ஹவுஸ்வைவ்ஸ் டாரட் என்று ஒன்று, அமெரிக்காவின் ஐம்பதுகள் காலத்து விளம்பரப் பெண்களை வைத்துக் கிண்டலாகச் செய்தது, சமையல் குறிப்பு அட்டைகள் வைக்கிற பெட்டி மாதிரி டப்பாவில் வரும். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, ஆன்லைன் கடையில் "மாடர்ன் டாரட்" என்று போட்டால் என்ன வருகிறது என்பது மட்டும்தான்.

வந்தது ஒரு அழகான கட்டு, 649 ரூபாய். வெளிநாட்டில் அதன் விலை மூவாயிரத்தைத் தாண்டும், இங்கே 649. சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? கிளெய்ம் பேப்பரில் ஒரு கையெழுத்து சாய்ந்திருந்தாலே கண்டுபிடிக்கிற நான், தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். பிரித்தவுடன் பெயிண்ட் வாசம். மெல்லிய அட்டைப் பெட்டி, உள்ளே கையேடு கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் கியூஆர் கோடு மட்டும். சீட்டுகள் சாதாரண டாரட் அளவைவிடச் சின்னது. வழக்கமான அளவு கிட்டத்தட்ட 70-க்கு 120 மில்லிமீட்டர், இது ரம்மி சீட்டுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. படங்களில் கறுப்பு எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது, முகங்கள் மங்கல். எண்ணிப் பார்த்தேன், 78 சரியாக இருந்தது. ஆனால் நாலு கோப்பை இரண்டு முறை இருந்தது, கோபுரம் இல்லவே இல்லை.

அப்புறம்தான் அந்த ஓவியரின் சொந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். தன் கட்டின் போலிகள் உலகம் முழுக்க விற்கின்றன, தனக்கு ஒரு காசு வருவதில்லை, அசலை இப்படி அடையாளம் காணுங்கள் என்று அவர் படத்தோடு எழுதி வைத்திருந்தார். நான் வாங்கிய பிறகு படித்தேன். நீங்கள் முன்னால் படியுங்கள். பிடித்த கட்டின் பெயர் தெரிந்ததும் கடைக்குப் போகாமல் முதலில் ஓவியர் பக்கத்துக்குப் போய், எந்தப் பதிப்பகம், என்ன அளவு, பெட்டி எப்படி இருக்கும், கையேடு உண்டா, யாரெல்லாம் விற்க அனுமதி பெற்றவர்கள் என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கட்டுகளுக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை. கடைப் பக்கத்தில் ஓவியர் பெயரே போடாமல் "வைன்டேஜ் ஃபேட் கார்ட்ஸ் ஃபார் பார்ட்டி" மாதிரி ஏதாவது போட்டிருந்தால் அது பெரும்பாலும் போலிதான். ஒரு விலக்கு உண்டு: 1909-இன் பழைய கட்டின் படங்களை மலிவாக யார் அச்சடித்தாலும் அது திருட்டு ஆகாது. ஸ்மித் இறந்தது 1951, இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம்தான் பதிப்புரிமை. அதனால் பழைய கட்டு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் தரத்தை மட்டும் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் வரைந்த கட்டு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது யாரோ ஒருவர் உழைப்பைச் சுரண்டியது.

இதனால் ரோஷம் வந்து, இனி வாங்கினால் அசல்தான், நேராக வெளிநாட்டிலிருந்துதான் என்று முடிவு செய்தேன். அது இன்னும் பெரிய அடி. ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்தேன் (பெயர் வேண்டாம், அந்த ஓவியர் மேல் தப்பு இல்லை). விலை 42 டாலர், அனுப்பும் செலவு 26 டாலர். அன்றைய கணக்கில் 5,304 ரூபாய். யோசித்து யோசித்து, அப்பா பெயரில் வந்த ஒரு சின்னத் தொகையிலிருந்து கட்டினேன். மூன்று வாரம் கழித்துக் கூரியர்காரர் போன் செய்கிறார், "மேடம், கஸ்டம்ஸ் டியூட்டி நாலாயிரத்துச் சொச்சம் இருக்கு, ஆன்லைன்ல கட்டிட்டீங்கன்னா டெலிவரி ஆயிடும்" என்று. மோசடி போன் என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுபடி மெயிலில் ரசீதோடு வந்தது. நிஜம்தான்.

அந்தக் கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளுக்கு அப்போது அடிப்படை வரி 35 சதவீதம். அந்த வரிமேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் தீர்வை, ஆக 38.5. இதெல்லாம் சேர்ந்த தொகைமேல் 28 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 77.28 சதவீதம். அதுவும் சீட்டுக்கட்டின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான். எனக்கு வந்தது 4,099 ரூபாய் வரி, கூரியர் கம்பெனி தன் பங்குக்கு 590. மொத்தம் 9,993. பத்தாயிரத்துக்கு ஏழு ரூபாய் குறைவு. கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி வராது என்று சிலர் இன்னும் சொல்வார்கள், அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஆர்டர் போடும் அன்றைக்கு என்ன விகிதம் என்று பாருங்கள். பார்க்க நேரமில்லை என்றால் விலையையும் அனுப்பும் செலவையும் கூட்டி இரண்டால் பெருக்கி, அந்தத் தொகை போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும் பட்டனை அழுத்துங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு ஓரத்தில் போட்டு எடுத்து வந்தால் இந்தத் தலைவலியே இல்லை. என் சித்தி பையன் டல்லாஸில் இருக்கிறான், வருடா வருடம் வருகிறான். அவனிடம் கேட்கவும் வெட்கம்.

சரி, கட்டு வந்தது. அட்டை வழவழவென்று, ஓரத்தில் தங்கப் பூச்சு, பெட்டியே நகைப்பெட்டி மாதிரி. பெரிய சீட்டுகள் 22-உம் அருமை. துறவி ஒருத்தி லிஃப்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக நிற்கிறாள், தேர் ஒரு மெட்ரோ ரயில். அங்கேயே உருகிவிட்டேன். அப்புறம் சின்னச் சீட்டுகளுக்கு வந்தேன். ஒன்பது வாள் என்றால் ஒன்பது கத்தி வரிசையாக. நாலு கோப்பை என்றால் ஒரு காபிக் கடை மேசைமேல் நாலு கப். ஐந்து காசு என்றால் ஐந்து நாணயம். மனிதர்கள் யாரும் இல்லை. 78-இல் 40 எண் சீட்டு, பாதிக்குமேல், ஆளில்லாத பொருள்கள்.

இது புதுசாகக் கண்டுபிடித்த ஏமாற்று இல்லை. டாரட் பதினைந்தாம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் பிறந்த சீட்டு விளையாட்டு, குறி சொல்ல அதைப் பயன்படுத்துவது பரவியதெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான். விளையாட்டுச் சீட்டில் ஒன்பது வாளுக்கு ஒன்பது வாள் வரைந்தால் போதுமே, கதை எதற்கு? பிரான்சின் மார்செய் வகைக் கட்டுகள் இன்றும் அப்படித்தான். சோலா புஸ்கா என்ற ஒரு பழைய இத்தாலியக் கட்டு விலக்கு. அதில் சின்னச் சீட்டுகளிலும் ஆட்கள் உண்டு, 1907-இல் அதன் புகைப்படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன, ஸ்மித் சில படங்களை அங்கிருந்துதான் எடுத்தார் என்று சொல்கிறார்கள். அங்கே இங்கே கிடைத்ததை எடுத்துக்கொண்டு எண் சீட்டுகளில் பெரும்பாலானவற்றிலும் ஆளையும் செயலையும் வைத்தது அவர் செய்த பெரிய வேலை. நான் குதிரையும் கிரீடமும் என்று அலுத்துக்கொண்டு தூக்கிப் போட்டேனே, அந்தக் கட்டில்தான் மனிதர்கள் வேலை செய்தார்கள், அழுதார்கள், சுமை தூக்கினார்கள். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய நவீனக் கட்டில் காபி கப் இருந்தது.

இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். விற்பவர்கள் எப்போதும் பெரிய சீட்டுகளைத்தான் காட்டுவார்கள், அவைதான் பார்க்க ஜோராக இருக்கும். 78 சீட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டும் வீடியோ கிடைக்காமல் வாங்காதீர்கள். வீடியோவில் எல்லாவற்றையும் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் நான் இப்போது பார்க்கிற சீட்டுகளை மட்டும் பாருங்கள். எட்டு காசு: பழைய கட்டில் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு காசாகச் செதுக்குவான், ஆக புதுக் கட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்? பத்து கோல்: யார் எதைச் சுமக்கிறார்கள்? ஒன்பது வாள்: தூக்கம் வராதவர் எந்த அறையில், எந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்? ஐந்து காசு: கையில் பணமில்லாதவரை எப்படி வரைந்திருக்கிறார்கள்? இந்தக் கடைசிச் சீட்டு ஒன்றே போதும் ஒரு கட்டை எடைபோட. நவீனம் என்று சொல்லிக்கொள்ளும் பல கட்டுகளில் எல்லாருக்கும் இருபத்தைந்து வயது, எல்லாரும் ஒல்லி, எல்லார் வீட்டு ஜன்னலிலும் செடி. வறுமை என்றால் கிழிந்த ஜீன்ஸ், அதுவும் கடையில் கிழித்து விற்கிற ஜீன்ஸ். உடுப்பு மட்டும் 2020, மற்றதெல்லாம் விளம்பரப் பலகை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதுக் கட்டு எந்த மரபில் வந்தது என்பது. அலிஸ்டர் குரோலி திட்டமிட்டு ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் மரபு என்று ஒன்று உண்டு, அதில் சில பெரிய சீட்டுகளின் பெயரே வேறு, ராஜா ராணி வரிசையும் வேறு. பெங்களூர் தோழி அர்பன் டாரட்டை இரண்டு வாரம் இரவல் கொடுத்தபோது நான் முழித்தேன், ஏனென்றால் அது தோத் வழியில் வந்தது, நான் படித்ததோ ரைடர் வழி. ஓவியங்கள் பிரமாதம், சப்வேயும் மொட்டை மாடியும் நிஜமான ஆட்களும். ஆனால் அந்த மரபைப் புதிதாகப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இரவல் வாங்கியதால் செலவில்லாமல் தெரிந்துகொண்டேன். உங்கள் ஊரில் யாரிடமாவது கட்டு இருந்தால் வெட்கப்படாமல் இரண்டு வாரம் கேளுங்கள். டாரட் வைத்திருப்பவர்கள் பத்து கட்டு வைத்திருப்பார்கள், அதில் எட்டு சும்மா கிடக்கும்.

மூன்றாவது அடி கூட்டு நிதி. 2022 அக்டோபர். ஒரு இளம் ஓவியர், தெற்காசிய நகர வாழ்க்கையை வைத்து டாரட் வரைகிறேன், முன்பணம் கட்டுங்கள், மார்ச்சில் அனுப்புகிறேன் என்றார். மாதிரிக்குப் பதினான்கு படங்கள் போட்டிருந்தார். அதில் ஒன்று, ஒரு பெண் இரவு இரண்டு மணிக்குக் கணினித் திரை வெளிச்சத்தில் ரசம் சாதம் மாதிரி ஏதோ சாப்பிடுகிறாள். நான்தான் அது. யோசிக்கவே இல்லை, 5,100 ரூபாய் கட்டிவிட்டேன். மார்ச் வந்தது, "ஓவியங்கள் தாமதம்" என்று மெயில். செப்டம்பரில் "அச்சகம் விலையை ஏற்றிவிட்டது". 2024 ஜனவரியில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மெயில். அதற்குப் பிறகு மௌனம். திட்டினால் பாவம், திட்டாமலும் இருக்க முடியவில்லை. நான் அவரை மோசடிக்காரர் என்று நினைக்கவில்லை, கணக்குத் தெரியாதவர். 78 ஓவியம். வாரத்துக்கு ஒன்று என்றாலே ஒன்றரை வருடம். அவர் ஐந்து மாதத்தில் தருவதாகச் சொன்னார், நான் நம்பினேன். ஸ்மித் மொத்தக் கட்டையும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடித்தாராம். அவர் நாடக மேடை வேலையில் ஊறியவர், பல படங்களில் ஆட்கள் மேடைமேல் நிற்பது போலவே இருக்கும், பின்னால் திரைச்சீலை தொங்குவது போல வானம். அந்த வேகம் எல்லாருக்கும் வராது. அவருக்கே இதில் கிடைத்தது சொற்பப் பணம், முடித்த கையோடு அதைச் சொல்லி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், கடைசியில் கடனோடுதான் செத்தார்.

கூட்டு நிதியில் போடுவது கடையில் வாங்குவது மாதிரி இல்லை, வந்தால் வரும் என்கிற பணம். போட்டே ஆக வேண்டுமென்றால், 78 ஓவியமும் ஏற்கெனவே முடிந்துவிட்டதா, அச்சுக்கு மட்டும்தான் பணம் கேட்கிறாரா என்று பாருங்கள். இதற்கு முன் ஒரு கட்டாவது அச்சடித்து அனுப்பியவரா? அனுப்பும் செலவு இப்போதா, பிறகு தனியாகவா? இந்தியாவுக்கு அனுப்புகிறாரா, வரி யார் தலையில்? இப்போது புதுசாக இன்னொரு தொல்லை, கணினியே உண்டாக்கிய படங்களை ஓவியம் என்று விற்பது. சீட்டில் இருக்கும் பொருள்களை எண்ணிப் பாருங்கள். எட்டு வாளில் ஏழோ ஒன்பதோ இருக்கலாம், கோப்பையைப் பிடித்த கையில் ஆறு விரல் இருக்கலாம். டாரட்டில் எண்ணிக்கைதான் அடிப்படை, அதைக்கூட எண்ணாதவரிடம் எதற்கு வாங்க வேண்டும்?

மூன்றாவது பணமும் போன பிறகு கொஞ்ச நாள் எதையும் தொடவில்லை. தூக்கமும் வரவில்லை. ஒரு இரவு பழைய கட்டை எடுத்தேன், ஒன்பது வாள் வந்தது. ஒரு உருவம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறது, பின்னால் கறுப்பில் ஒன்பது வாள், கால்மேல் ரோஜாப்பூவும் ராசிச் சின்னங்களும் தைத்த போர்வை. இது எந்தக் காலத்துப் படம் என்று சொல்ல முடியுமா? எங்கள் வீட்டுப் போர்வையில் மயில் இருக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம். பென்சில் எடுத்து அந்தச் சீட்டின் வெள்ளை ஓரத்தில் "மயில் போர்வை, 3.40" என்று எழுதினேன். சீட்டில் எழுதலாமா என்று யாராவது கேட்கலாம். ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு, எழுதலாம்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. சீட்டு வந்தால், இது எங்கள் தெருவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று ஓரத்தில் எழுதுவேன். பத்து கோல், தண்ணி லாரி வந்த அன்று இடுப்பில் ஒரு குடம் கையில் ஒரு குடமாக மூன்றாம் மாடி ஏறும் எதிர்வீட்டு அக்கா. இரண்டு காசு, ஒரு கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கார்டில் தேய்த்துக் கட்டுவது. நாலு கோப்பை, நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா காபியை வைத்துவிட்டு நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். ஆறு வாள், ஓடத்தில் தலையைக் குனிந்தபடி ஒரு பெண்ணும் பக்கத்தில் குழந்தையும், பின்னால் ஒருவன் கழி ஊன்றி ஓட்டுகிறான்: இதற்குக் கிளாம்பாக்கத்தில் ராத்திரி பதினொன்றரைக்கு ஏறுகிற பஸ், ஜன்னல் சீட். எட்டு காசு, முக்கில் இருக்கும் தையல்காரர் ப்ளவுஸ் கொக்கி தைப்பது. சிலதுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. காசு ராணிக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், முயல் வேண்டுமானால் பக்கத்து வீட்டில் இருக்கிறது. எழுபத்தெட்டில் இதுவரை ஐம்பத்தொன்று ஆகியிருக்கிறது. புதுக் கட்டு வாங்கும் முன் ஒரு மூன்று மாதம் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் இப்போது கேட்பவர்களிடம் சொல்கிறேன். எந்தச் சீட்டுகளுக்கு உங்களால் எழுத முடியவில்லை என்பது தெரிந்துவிடும், வாங்கப் போகும் கட்டில் அந்தச் சீட்டுகளை முதலில் பார்க்கலாம்.

ஒரு நாள் சீட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அம்மா ஐந்து காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். முன்பு ஒருமுறை இந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "கிளி ஜோசியக்காரர்கிட்ட போனா அந்தக் கிளியாவது நெல்லுக்கு வேலை செய்யும், நீ எதுக்குடி ராத்திரி முழுக்க முழிச்சிக்கிட்டு" என்றவள். அன்று அப்படி ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே பனியில் வெறுங்காலோடு ஒரு பெண்ணும் ஊன்றுகோலோடு ஒருவனும்.

"ஏண்டி, இவங்க ஏன் உள்ள போகல?" என்றாள்.

"தெரியலம்மா. கதவே வரையல பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே அந்தப் படத்தில் கதவு கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, "நம்மளும் அப்படித்தானே நின்னோம், பதினோரு நாளு. கண்ணாடி வழியா லைட்டு மட்டும் தெரிஞ்சுது" என்றாள். அப்பா போனபிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் முறை. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். நான் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை, அந்தச் சீட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் புழங்குவது இரண்டு கட்டு. பென்சில் கிறுக்கலோடு பழையது. அப்புறம் போன வருடம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழசாக 1,800 ரூபாய்க்கு வாங்கிய திஸ் மைட் ஹர்ட். உள்நாட்டுக்குள் கைமாறுவதால் வரி இல்லை, தபால் செலவு 90 ரூபாய். வாங்கும் முன் 78-ஐயும் எண்ணி, மேசைமேல் பரப்பி ஒரே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், அவரும் கோபித்துக்கொள்ளாமல் அனுப்பினார். பத்தாயிரம் ரூபாய்க் கட்டை இரண்டாயிரத்து இருநூறுக்கு விற்றுவிட்டேன், வாங்கியவரிடம் சின்னச் சீட்டில் ஆளில்லை என்று சொல்லித்தான் விற்றேன், அவருக்கு அப்படித்தான் வேண்டுமாம். போலிக் கட்டை விற்க மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. அது மேசை டிராயரில் கிடந்ததை அம்மா எடுத்து, இது ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டாள். அது டூப்ளிகேட்மா, ஒரு சீட்டு குறைகிறது என்றேன். எந்தச் சீட்டு என்றாள். கோபுரம், இடி விழுந்து வீடு இடிந்து ஆட்கள் தலைகீழாக விழுவது மாதிரி இருக்கும் என்று விளக்கினேன்.

"அது இல்லாத கட்டா?" என்றாள் அம்மா. "அப்போ இதையே வச்சுக்கோ."